வலிப்பு நின்ற பிறகு மூச்சு ஏன் நிற்கிறது? எலிகள் காட்டிய வழி

வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலர் இரவு வழக்கம்போலச் சாப்பிட்டுப் படுக்கிறார்கள், காலையில் எழுந்திருப்பதில்லை. விழுந்த காயம் இருக்காது, விஷம் இருக்காது. பிரேதப் பரிசோதனை செய்தாலும் ‘இதனால்தான்’ என்று காட்டும்படி உடம்பில் ஒன்றும் கிடைக்காது. பெரும்பாலும் குப்புறக் கிடப்பார்கள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கிராமங்களில் இப்படி ஒரு சாவு விழுந்தால் மாரடைப்பு என்பார்கள், அமுக்குவான் பேய் என்பார்கள், மாத்திரைச் சூடு தாங்கவில்லை என்பார்கள். பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மாவோ, ஒரு சத்தம் கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே என்று ஆயுசுக்கும் அழுவாள்.

மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சூடெப்’ என்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவருக்கு எதிர்பாராமல் வரும் திடீர் மரணம் என்று பொருள். இது ஏன் நடக்கிறது என்பதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது. எலிக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எது சூடெப், எது இல்லை என்று பார்த்துவிடலாம். காவிரிப் படுகையில் வலிப்பு என்றாலே முதலில் வரும் பயம் தண்ணீர்தான். ஆற்றில் குளிக்கும்போது, குளத்தில் மாட்டைக் கழுவும்போது, மதகுக் கட்டையில் உட்கார்ந்து தூண்டில் போடும்போது வலிப்பு வந்தால், முழங்கால் அளவுத் தண்ணீரே உயிரை எடுத்துவிடும். ஆனால் அது நீரில் மூழ்கிய மரணம், சூடெப் கணக்கில் வராது. வலிப்பில் விழுந்து தலையில் அடிபட்டு இறப்பதும் வராது. ஒரு வலிப்பு நிற்காமல் நெடுநேரம் நீடித்தோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தடுத்து வந்தோ உயிர் போவதும் தனி வகை. இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் காரணம் தெரியாமல் மிச்சம் நிற்கும் மரணம்தான் சூடெப்.

பயமுறுத்துவது என் நோக்கமில்லை, அதனால் எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் வருடத்துக்கு 1000 பேரில் ஒருவருக்கும், குழந்தைகளில் 4500 பேரில் ஒருவருக்கும் இது நேர்கிறது என்று கணக்கிட்டது. மீதி 999 பேருக்கு அந்த வருடம் இது நடப்பதில்லை. ஆனால் ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. நினைவு தப்பி, உடம்பு விறைத்து, கை கால் வெட்டி இழுக்கும் பெருவலிப்பு வருகிறதா, எத்தனை தடவை வருகிறது என்பதைப் பொறுத்தது அது. வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ பெருவலிப்பு வருபவர்களுக்கு, வராதவர்களைவிட ஆபத்து 15 மடங்கு என்கிறது அதே வழிகாட்டி. சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுச் சரியாகிவிடும் சிறுவலிப்பு மட்டும் உள்ளவர்களுக்கு இந்த அளவு பயம் வேண்டியதில்லை.

சரி, காரணத்தைக் கண்டுபிடிப்பதில் என்ன சிரமம்? யாரும் பார்க்காத நேரத்தில் நடப்பதுதான் சிரமம். கடைசி நிமிடங்களில் இதயம் முதலில் நின்றதா, மூச்சு முதலில் நின்றதா, மூளை முதலில் அடங்கியதா என்பதை இறந்த உடம்பு சொல்லாது. மனிதர்களிடமிருந்து கிடைத்த மிகத் தெளிவான சாட்சி 2013-இல்தான் வெளிவந்தது. பெரிய மருத்துவமனைகளில் வலிப்பு நோயாளிகளைச் சில நாட்கள் தங்கவைத்து, தலையில் கம்பிகள் ஒட்டி, கேமராவும் வைத்து இரவு பகலாகக் கண்காணிக்கும் பிரிவுகள் உண்டு. பிரான்சைச் சேர்ந்த பிலிப் ரிவ்லின் தலைமையில் ஒரு குழு, பல நாடுகளில் இருந்த இத்தகைய பிரிவுகளில் விசாரித்து, அங்கேயே இறந்துபோன 16 பேரின் விவரங்களைத் திரட்டியது. இதயத் துடிப்பும் மூச்சும் முழுமையாகப் பதிவானவர்கள் அவர்களில் 10 பேர்தான். அந்தப் பத்துப் பேருக்கும் நடந்தது ஏறக்குறைய ஒன்றே. பெருவலிப்பு வந்து முடிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு வாங்கியிருக்கிறது. பிறகு மூன்று நிமிடங்களுக்குள் மூச்சு தடுமாறி, இதயம் தளர்ந்து, மூளையின் மின்னலைகள் தட்டையாகிவிட்டன. கடைசியில் மூச்சு நின்றது. அதற்கும் பிறகுதான் இதயம் நின்றது. பத்திலும் இதே வரிசைதான்.

உலகம் முழுக்கத் தேடியும் பத்துப் பதிவுகள். அதிலும் நடந்ததைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மூச்சு நின்றதால் இதயம் நின்றதா, அல்லது இரண்டையும் சேர்த்து நிறுத்திய மூன்றாவது ஒன்று உண்டா என்று சோதிக்க முடியாது. அதைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரு தடவை மூச்சைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு தடவை கொடுக்காமல் பார்க்க வேண்டும். மனிதரிடம் அதை யார் செய்வது? அங்கேதான் எலி வருகிறது.

டிபிஏ என்று ஒரு சுண்டெலி வகை இருக்கிறது. கிளாரன்ஸ் லிட்டில் என்ற அமெரிக்கர் 1909-இல், ஒரே வம்சத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்ய வைத்து உருவாக்கத் தொடங்கியது. உள்வம்ச எலி வகைகளில் இதுதான் மிகப் பழையது என்று சொல்வார்கள். மங்கிய பழுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. இந்த வம்சத்துக்கு ஒரு பிறவிக் குணம்: பலத்த சத்தம் கேட்டால் வலிப்பு வந்துவிடும். இதில் டிபிஏ-1 என்ற கிளையை வைத்து அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கார்ல் ஃபைன்கோல்டு என்ற ஆய்வாளரின் குழு பல ஆண்டுகள் வேலை செய்தது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். உருளை வடிவக் கண்ணாடித் தொட்டிக்குள் எலியை விடுகிறார்கள். மேலே ஒரு மின்சார மணி. அதை அதிகபட்சம் ஒரு நிமிடம் அடிக்கிறார்கள். சில நொடிகளிலேயே எலி தலைதெறிக்கச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து கால்களை உதைத்துக்கொள்கிறது. அடுத்து உடம்பு முழுக்க விறைத்து, பின்னங்கால்கள் வால் பக்கமாக நேரே நீண்டுவிடுகின்றன. மனிதரின் பெருவலிப்பும் இப்படித்தான் உச்சத்துக்குப் போகிறது. பிறகு விறைப்பு தளர்கிறது, ஒரு கடைசி மூச்சு இழுக்கிறது, அதோடு நெஞ்சு அசைவது நின்றுவிடுகிறது. ஆனால் இதயத்தில் பொருத்திய கம்பி காட்டும் கோடு நிற்கவில்லை! மூச்சு நின்ற பிறகும் சில நிமிடங்கள் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் எலி இறந்துவிடும். மூச்சு நின்ற சில நொடிகளுக்குள் மூக்கில் சின்னக் குழாய் வைத்து, எலிக்கென்று செய்த காற்று இயந்திரத்தால் மூச்சு கொடுத்தால், எலி தானாக மூச்சுவிடத் தொடங்கி, எழுந்து நடக்கிறது. அதே எலிக்கு மறுநாள் மணி அடித்தால் மறுபடியும் இதே கதை.

எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். வலிப்பு முடிந்துவிட்டது. இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது. உயிர் இன்னும் போகவில்லை. மூச்சு மட்டும் நின்றிருக்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் காற்று கிடைத்தால் எலி பிழைக்கிறது. 2004-இல் வேறொரு குழு இதையே இன்னொரு விதமாகக் காட்டியது. வலிப்பு வருமுன்பே எலிகளை ஆக்சிஜன் நிறைந்த பெட்டிக்குள் வைத்தார்கள். வலிப்பு வந்தது, ஆனால் சாவு வரவில்லை. மனிதர்களின் பத்துப் பதிவுகளில் வரிசையாக மட்டும் தெரிந்தது, எலியில் காரண காரியமாகத் தெரிந்தது.

இடையில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றால் அதிர்வேட்டு இல்லாமல் இருக்காது. எலிக்குச் சத்தத்தால் வலிப்பு வருகிறது என்பதால் வேட்டுச் சத்தம் நம் பிள்ளைக்கு வலிப்பைக் கொண்டுவரும் என்று அர்த்தமில்லை. மனிதர்களில் சத்தத்தால் வலிப்பு வருவது மிக அரிது. ஆய்வாளர்களுக்கு மணிச்சத்தம் ஒரு வசதி, நினைத்த நேரத்தில் வலிப்பை வரவழைக்கலாம் என்பதற்காக. திருவிழாவில் உண்மையாகப் பயப்பட வேண்டியது விடிய விடியத் தூங்காமல் இருப்பதற்கும், அந்தக் கூட்டத்தில் ராத்திரி மாத்திரையை மறப்பதற்கும்.

அடுத்த கேள்வி, மூச்சு ஏன் நிற்கிறது? மூச்சுக்குத் தாளம் போடும் இடம் மூளையின் அடித்தண்டில், பிடரிக்கு நேர் உள்ளே, முகுளம் என்ற பகுதியில் இருக்கிறது. 1991-இல் எலிகளின் முகுளத்தில்தான் அந்தத் தாளம் பிறக்கும் சின்னஞ்சிறு நரம்பணுக் கூட்டத்தை அடையாளம் கண்டார்கள். அதற்குப் பக்கத்திலேயே செரடோனின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் அணுக்களும் உள்ளன. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் அதை உணர்ந்து, ‘இன்னும் வேகமாக மூச்சு விடு’ என்று தூண்டுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. தூக்கத்தில் இருப்பவரை எழுப்பிவிடுவதும் இவற்றின் வேலை. நாம் தலையணையில் முகம் புதைந்து தூங்கினால் நமக்கே தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம் அல்லவா, அதற்குப் பின்னால் இந்த எச்சரிக்கைதான் இருக்கிறது. 2010-இல் கார்டன் புக்கானன், ஜார்ஜ் ரிச்சர்சன் இருவரும் செரடோனின் அணுக்களே இல்லாத எலிகளைத் தூங்க வைத்து, காற்றில் கரியமில வாயுவைக் கூட்டினார்கள். சாதாரண எலிகள் விழித்துக்கொண்டன. இவை விழிக்கவில்லை.

இப்போது அந்தக் குப்புறக் கிடந்த உடம்பை நினைத்துப் பாருங்கள். பெருவலிப்பு அந்த எழுப்பும் அமைப்பையே சற்று நேரம் முடக்கிவிடுகிறது. முகம் இலவம்பஞ்சுத் தலையணையில் புதைந்திருக்கிறது. கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது. மற்ற நாளாக இருந்தால் தலை தானாகத் திரும்பியிருக்கும். இன்று திருப்பச் சொல்ல ஆளில்லை. இப்படித்தான் பல மரணங்கள் நடந்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருந்தி வருவதாகவே படுகிறது.

செரடோனின் பக்கம் சந்தேகம் திரும்பியதும் ஃபைன்கோல்டு குழு மருந்துகளைச் சோதித்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்சடின் என்ற மாத்திரை, செரடோனினை நரம்பணுக்களுக்கிடையே அதிக நேரம் தங்கவைக்கும். அதைக் கொடுத்த எலிகளுக்கு வலிப்பு வந்தது, ஆனால் மூச்சு நிற்பது குறைந்தது. எதிர்ப்பக்கமும் பார்த்தார்கள். செரடோனினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, அதுவரை மூச்சு நிற்காத எலிகளுக்கும் நின்றது. கையைத் திருப்பி இரண்டு பக்கமும் காட்டுகிற இந்தச் சோதனைதான் எலி ஆய்வின் பலம். மனிதர்களிலும் ஒரு குறிப்பு கிடைத்தது: இந்த வகை மருந்தை வேறு காரணத்துக்காகச் சாப்பிட்டுவந்த நோயாளிகளுக்கு, ஒரு வகை வலிப்பின்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது சற்றுக் கம்மியாக இருந்ததாக 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் இது குறிப்பு மட்டும்தான், சிகிச்சை அல்ல. இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய் ஃப்ளூஆக்சடின் கேட்க வேண்டாம். தயவுசெய்து.

எலியில் பார்த்தது மனிதருக்குப் பொருந்துமா என்று பார்த்த இன்னொரு ஆய்வும் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில், வலிப்புக்கான அறுவை சிகிச்சைக்கு முன் மூளைக்குள் மெல்லிய கம்பிகள் பொருத்தப்பட்ட நோயாளிகள், முழு விழிப்போடு, சம்மதத்தோடு இருந்தார்கள். அமிக்டலா என்ற பகுதியை லேசாகத் தூண்டியதும் அவர்களின் மூச்சு நின்றது. திகைப்பூட்டுவது இதற்குப் பிறகுதான்: தன் மூச்சு நின்றிருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. மூச்சு முட்டுகிற தவிப்பே இல்லை. வலிப்பு அந்த இடத்துக்குப் பரவியபோதும் மூச்சு நின்றது. 2015-இல் இது வெளிவந்த பிறகு டிபிஏ-1 எலிகளில் அமிக்டலாவைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். வலிப்புக்குப் பின் மூச்சு நிற்பது குறைந்தது. எலியிலிருந்து மனிதர், மனிதரிடமிருந்து திரும்ப எலி என்று ஆய்வு போய்வந்தபடியே இருக்கிறது.

டிபிஏ எலிகள் பழைய வம்சம். இப்போது, மனிதரிடம் காணும் அதே மரபணுக் கோளாறை எலியில் உருவாக்கியும் ஆராய்கிறார்கள். டிராவெட் என்ற கடுமையான வலிப்பு நோய் இருக்கிறது. பிறந்து ஒரு வயது ஆவதற்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்கும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் டிராவெட் 1978-இல் விவரித்தது. எஸ்சிஎன்1ஏ என்ற மரபணு பழுதடைவதுதான் பெரும்பாலும் காரணம் என்பது 2001-இல் தெரியவந்தது. திடீர் மரணம் மிக அதிகமாக நடக்கும் வலிப்பு வகைகளில் இது ஒன்று. அதே மரபணுவைப் பழுதாக்கிய எலிகளும் காய்ச்சல் சூட்டில் வலிப்பு வந்து இளம் வயதிலேயே இறக்கின்றன.

இந்த எலிகளை வைத்து ஒரு நேர்மையான வாக்குவாதம் நடந்தது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 2013-இல் ஒரு குழு, வலிப்புக்குப் பின் இதயத் துடிப்பு மிகவும் குறைந்துபோவதைப் பதிவுசெய்தது. இதயத்தைத் தளர்த்தும் நரம்புதான் குற்றவாளி என்றது. இதயத்தைப் பதிவு செய்தார்கள், இதயத்தில் கோளாறு தெரிந்தது. ஆனால் மூச்சு என்ன ஆனது? 2018-இல் புக்கானன் குழு அதே வகை எலிகளில் மூச்சையும் இதயத்தையும் மூளையையும் ஒன்றாகப் பதிவு செய்தது. மூச்சுதான் முதலில் நின்றது. இதயம் தளர்ந்தது அதற்குப் பிறகு. இயந்திரத்தால் மூச்சு கொடுத்தபோது எலிகள் பிழைத்தன. எதை அளக்கவில்லையோ அது கண்ணில் படாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதற்காக இதயத்துக்குப் பங்கே இல்லை என்றும் ஆகிவிடாது. இதயத்திலும் மூளையிலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் சில மரபணுக்கள் பழுதானால் இரண்டுமே தடுமாறும். டெக்சாஸில் ஜெஃப்ரி நோபல்ஸின் குழு அத்தகைய எலிகளில் அதைக் காட்டியிருக்கிறது.

அதே நோபல்ஸ் 2015-இல், ஐபா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து இன்னொரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். பெருவலிப்புக்குப் பின் மூளையின் மின்னலைகள் ஏன் தட்டையாகின்றன என்ற கேள்விக்கு அது ஒரு பதில். நரம்பணுக்கள் அளவுக்கு மீறி வேலை செய்து, தங்கள் மின்சாரச் சமநிலையை முழுவதுமாக இழந்து, ஊமையாகிவிடும் ஒரு நிலை உண்டு. அது ஓரிடத்தில் தொடங்கி அக்கம்பக்கத்துக்குப் பரவும். மின்னல் வேகத்தில் அல்ல, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில். சமன் செய்த நாற்றங்காலில் மடையைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து வருவதில்லை, மெல்ல மெல்ல ஈரம் ஏறி மூலைக்கு வந்து சேரும். அப்படித்தான் இதுவும். பிரேசில் நாட்டு லியாவோ 1944-இல் முயல்களின் மூளையில் முதன்முதலில் இதைப் பார்த்தார். அவர் தேடிப் போனதும் வலிப்பைத்தான். எழுபது ஆண்டுகள் கழித்து, மரபணுப் பழுதுள்ள எலிகளில் இந்த ஊமை அலை மூளைத்தண்டில் எழுந்து, மூச்சும் இதயமும் அங்கேயே அடங்கிப்போவதை ஐபாவும் நோபல்ஸும் பதிவு செய்தார்கள். வலிப்பு முடிந்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஏன் மூச்சு நிற்கிறது என்ற புதிரோடு இந்த மெதுவான வேகம் நன்றாகவே பொருந்துகிறது.

சுண்டெலிகள் மட்டுமல்ல. பெருச்சாளி அளவுள்ள வெள்ளை எலிகளில், வலிப்பின்போது குரல்வளை இறுகி மூடிக்கொண்டு காற்றை உள்ளே விடாமல் தடுப்பதை நியூயார்க்கில் பார்த்தார்கள். தொண்ணூறுகளில் செம்மறியாடுகளில் செய்த ஆய்வுகளும் மூச்சுக் குறைவையே காட்டின. டெக்சாஸில் பிறவியிலேயே வலிப்பு உள்ள பபூன் குரங்குகள், மனிதர்களைப் போலவே காரணம் தெரியாமல் திடீரென இறந்திருக்கின்றன.

இத்தனையும் சொன்ன பிறகு எலிக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்தையும் சொல்ல வேண்டும். எலியின் இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு தடவை துடிக்கிறது, நம்முடையது எழுபது, எண்பது. அந்தச் சின்ன உடம்பு ஆக்சிஜனைச் செலவழிக்கும் வேகமும் அதிகம், எனவே மூச்சு நின்றால் அது தாக்குப்பிடிக்கும் நேரம் வேறு. டிபிஏ எலிக்கு ஒவ்வொரு வலிப்பிலும் மூச்சு நிற்கலாம், நம்மிலோ ஒருவர் நூறு பெருவலிப்பைத் தாண்டி வந்து நூற்றியோராவதில் இறக்கிறார். ஏன் அந்த ஒன்று மட்டும் என்ற கேள்விக்கு எந்த எலியும் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆய்வுக்கூட எலிகள் ஒரே அச்சு. நம் நோயாளிகளில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டி, ஒருவருக்குப் பிரசவத்தில் பட்ட அடி, ஒருவருக்குப் பரம்பரை. ஒரே வழியில் எல்லோரும் இறப்பதாக நினைக்கக் கூடாது.

அப்புறம் அந்த உயிர்கள். மணி அடித்து ஓடவிட்டு, விறைக்க வைத்து, மூச்சு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிய காரியமில்லை. இதை எழுதும்போதும் எனக்கு உறுத்துகிறது. வயலில் வரப்பை வெட்டும் எலியைக் கிட்டி வைத்துப் பிடிக்கிறோம் என்பதால் இது சரியாகிவிடாது. இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன்கீழ் மத்திய அரசின் குழு ஒன்று விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கிறது, ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிக்குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. உலக அளவில் 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் வகுத்த மூன்று கட்டளைகள்தான் இன்றும் அளவுகோல்: விலங்கு இல்லாமல் முடியுமென்றால் அப்படிச் செய், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. சூடெப் விஷயத்தில் முழு உடம்பு வேண்டியிருக்கிறது. தட்டில் வளர்த்த நரம்பணுவுக்கு நுரையீரல் கிடையாது, அது குப்புறப் படுக்காது. அதனால் இந்த ஆய்வுகள் தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் மூச்சு நின்ற எலிக்கு உடனே மூச்சு கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று தெரிந்த பிறகு, காப்பாற்றாமல் விடும் சோதனைக்கு மிக வலுவான காரணம் வேண்டும்.

மருந்துப் பக்கம் ஒரு நம்பிக்கையான செய்தி உண்டு. ஃபென்ஃப்ளூரமின் என்பது ஒரு காலத்தில் உடல் எடை குறைக்க விற்ற மாத்திரை. இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று 1997-இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். அது செரடோனினைக் கூட்டும் மருந்து. டிராவெட் குழந்தைகளுக்குக் குறைந்த அளவில், இதயத்தைக் கண்காணித்தபடி கொடுத்ததில் வலிப்பு வெகுவாகக் குறைந்தது, 2020-இல் அங்கே அனுமதி கிடைத்தது. டிபிஏ-1 எலிகளில் அது வலிப்புக்குப் பின் மூச்சு நிற்பதையும் தடுத்திருக்கிறது. மனிதரிலும் திடீர் மரணத்தை அது தடுக்குமா என்பதற்குப் பல வருடக் கணக்கு வேண்டும்.

அதுவரை வீட்டில் என்ன செய்வது? எலிகள் காட்டிய வரிசையிலேயே பதில் இருக்கிறது. தொடக்கம் பெருவலிப்பு, எனவே முதல் வேலை அது வராமல் பார்த்துக்கொள்வது. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. எங்கள் பக்கத்தில் மாத்திரை தவறுவதற்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். விரதம். மும்முனை மின்சாரம் ராத்திரி வரும்போது மோட்டார் போட வயலுக்குப் போய்த் தூக்கம் கெடுவது. இரண்டு வருடம் வலிப்பு வரவில்லையே என்று தானாக நிறுத்திவிடுவது. கல்யாணமான பெண்கள் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவது இன்னும் கொடுமை. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்துசெய்ய இடம் கொடுத்த வரியை 1999-இலேயே நீக்கிவிட்டார்கள், ஆனாலும் பயம் போகவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்த நாட்களை நினைவில் வைத்து, ஐப்பசி தொடங்குமுன் இரண்டு வாரத்துக்குக் கூடுதல் மாத்திரை வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, இரவில் தனியாகப் படுக்க விடாதீர்கள். சுவீடனில் 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், முந்தைய ஒரு வருடத்தில் பெருவலிப்பு வந்தவர்களுக்கு ஆபத்து 27 மடங்காக இருந்தது. பெருவலிப்பும் வந்து, அறையில் துணையும் இல்லாதவர்களுக்கு 67 மடங்கு. மோட்டார் கொட்டகையில் தனியாகப் படுப்பதும், மாடியறையில் கதவைத் தாழிட்டுப் படுப்பதும் இவர்களுக்கு வேண்டாம். கூடத்தில் நாலு பேரோடு பாய் போட்டுப் படுக்கும் பழைய வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் நல்லது. இதைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். பயந்துவிடுவார்கள் என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது, வலிப்பு நின்ற பிறகான அந்தச் சில நிமிடங்கள். நம் ஊரில் எல்லாக் கவனமும் வலிப்பு நடக்கும்போதுதான். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், வாயில் கரண்டியை விடுவார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள். இவை எதுவும் வேண்டாம், வாயில் எதையும் வைப்பது ஆபத்து. வெட்டி இழுப்பது நின்றதும் ‘அடங்கிருச்சு, தூங்கட்டும்’ என்று நகர்ந்துவிடுவார்கள். மூச்சு நிற்கக்கூடிய நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உடனே ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முகம் தலையணையில் புதையாமல், எச்சில் வெளியே வடியும்படி. தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், முழு நினைவு வரும்வரை பக்கத்தை விட்டு நகராதீர்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வருவதற்குள் மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லை என்றாலும் 108-ஐ அழைத்துவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்வரை.